ஆளுக்கொரு கணக்கு, வேலைக்கேற்ற அனுமதி: வாசகர் கேள்வி – பதில்

வணிக மென்பொருள் தொடர்பான கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியே நின்றன. மென்பொருளுக்குள் யார் யாரை விடுவது, உள்ளே வந்தவர் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்பதை எப்படி வரையறுப்பது என்பதே அது. விலையையும் வேகத்தையும் பார்த்து மென்பொருள் வாங்கும் நாம், இந்தக் கேள்வியை மட்டும் ஏதாவது நடந்த பிறகே கேட்கிறோம். ஆகவே இம்முறை பக்கங்கள் முழுவதையும் இதற்கே ஒதுக்கியுள்ளேன். கேட்டவர்களின் பெயர்களையும் அவர்களுடைய நிறுவனங்களின் பெயர்களையும் வெளியிடவில்லை.

கேள்வி: ஹட்டன் நகரில் மொத்த, சில்லறை வியாபார நிலையம் ஒன்றை நடத்துகிறேன். ஆறு பணியாளர்கள் இருக்கிறார்கள். பில் போடும் மென்பொருளை நிறுவித் தந்தவர் உருவாக்கிய ‘அட்மின்’ என்ற ஒரே கணக்கையே எல்லோரும் பயன்படுத்துகிறோம். தீபாவளி வியாபாரம் முடிந்த பின் பார்த்தபோது, காசு வாங்கிய பில்கள் சில பிற்பாடு இரத்துச் செய்யப்பட்டிருந்தன. காசாளராக இருக்கும் பெண்பிள்ளை மீது மற்றவர்கள் சந்தேகப்படுகிறார்கள். அவர் அழுது மறுக்கிறார். செய்தவர் யார் என்று மென்பொருளில் கண்டுபிடிக்க முடியுமா, ஐயா? ஆளுக்கொரு கணக்குத் திறப்பதென்றால் செலவும் கூடுமே?

பதில்: கசப்பான உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். நடந்து முடிந்ததை மென்பொருளை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பில் எந்த நாளில், எத்தனை மணிக்கு இரத்தானது என்பது பதிவாகியிருக்கக்கூடும். செய்தவர் என்ற இடத்தில் ‘அட்மின்’ என்றே இருக்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் உங்களையும் சேர்த்து ஏழு பேர் இருக்கிறீர்கள். ஆகவே அந்தப் பிள்ளையைக் குற்றம் சாட்டுவதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை. இப்போதைய ஏற்பாடு தொடரும்வரை இனியும் இருக்கப்போவதில்லை. இதை மற்றப் பணியாளர்களின் முன்னிலையில் நீங்களே அவரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆளுக்கொரு கணக்கு என்பது முதலாளியின் பணத்தைக் காக்கும் ஏற்பாடு என்றே பலர் எண்ணுகிறார்கள். அது முதலில் காப்பது பணியாளரின் நல்ல பெயரை என்பதே என் எண்ணம். ஹட்டன் போன்ற ஊரில் ஒரு கடைக்குள் எழுந்த சந்தேகம் மாலைக்குள் பஸ் நிலையம் வரை போய்விடும். அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு வேறெங்கே காசாளர் வேலை கிடைக்கும்?

இனிச் செய்ய வேண்டியதற்கு வருவோம். கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, கடையில் மென்பொருளைக் கொண்டு நடக்கும் வேலைகளை எழுதுங்கள். ஆட்களின் பெயர்களை இப்போது எழுத வேண்டாம். பில் போடுதல், காசு வாங்குதல், திரும்பி வந்த பொருளை ஏற்றல், பில்லை இரத்துச் செய்தல், விலையை மாற்றுதல், விலைக் கழிவு கொடுத்தல், கடனுக்கு வாங்குபவரின் எல்லையை உயர்த்துதல், லொறியில் வந்த சரக்கை இருப்பில் சேர்த்தல், வழங்குநருக்குக் காசோலை எழுதுதல், இலாப நட்ட அறிக்கையைப் பார்த்தல் என்று அந்தப் பட்டியல் நீளும். அவற்றுள் பணத்தையோ இருப்பையோ சத்தமில்லாமல் குறைக்கக்கூடியவை எவை என்று பார்த்து அவற்றின் கீழே கோடிடுங்கள். இரத்து, விலை மாற்றம், கழிவு, பின்தேதியிட்ட பதிவு (முடிந்துபோன நாளின் திகதியில் பதிவது) ஆகியவை கட்டாயம் அங்கே வந்து நிற்கும். காசை வாங்குபவரிடம் இவற்றுக்கான அனுமதி இருக்கக்கூடாது. பில்லை இரத்துச் செய்ய வேண்டிய நியாயமான தேவை வரும்போது, மேற்பார்வையாளர் ஒருவர் வந்து தம்முடைய கணக்கிலோ தம்முடைய இரகசிய எண்ணிலோ அதைச் செய்து, காரணத்தையும் எழுத வேண்டும். காசாளருக்கு இது சற்றுத் தாமதத்தை உண்டாக்கும்; ஆனால் பெட்டியில் காசு குறைந்தால் ‘நான் இரத்துச் செய்யவில்லை’ என்று அவர் தலைநிமிர்ந்து சொல்ல முடியும்.

இவ்வாறு வேலைகளைத் தொகுத்து, ‘காசாளர்’, ‘களஞ்சியம்’, ‘மேற்பார்வை’ என்று தொகுதிக்கு ஒரு பெயர் வைத்து, அந்தத் தொகுதியை ஆளுக்கு வழங்குவதே இன்று ஏறக்குறைய எல்லா வணிக மென்பொருள்களிலும் உள்ள முறையாகும். டேவிட் பெராயோலோ, ரிச்சர்ட் குன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1992இல் இதை முறையாக வரையறுத்து எழுதினார்கள். ஆள் மாறினாலும் தொகுதி மாறுவதில்லை என்பதே இதன் வசதி. புதிதாக வரும் காசாளருக்குப் புதுக் கணக்கு திறந்து ‘காசாளர்’ தொகுதியைக் கொடுத்தால் வேலை முடிந்தது. டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் உரிமையாளர், தரவுப் பதிவாளர் என்ற இரண்டு தொகுதிகள் தொடக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றை அடிப்படையாக வைத்து உங்களுக்குத் தேவையானதை உருவாக்கலாம். பின்தேதியிட்டு எத்தனை நாள் வரை பதியலாம் என்ற எல்லையையும் அங்கேயே வைக்கலாம். பதிவொன்றை யார், எப்போது திருத்தினார் என்பதைக் காட்டும் திருத்தப் பதிவேடும் 2022 முதல் அதில் உண்டு. இந்தியாவில் கம்பனிகளின் கணக்கு மென்பொருளில் அத்தகைய பதிவேடு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமானது. இலங்கையில் அதைப் பயன்படுத்துவதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். ஆனால் எல்லோரும் ஒரே பெயரில் உள்ளே போகும் கடையில் அந்தப் பதிவேட்டால் எந்தப் பயனும் இல்லை.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகக் கட்டணம் அறவிடுகிறது. சிலவற்றில் பயனர் தலைக்கு மாதச் சந்தா உண்டு. டாலி பிரைமில் உரிமம் கணினியைப் பொறுத்தது. பயனர் பெயர்களைக் கூட்டுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஓடூ மென்பொருளின் விற்பனை மேசைப் பகுதியில், சந்தாப் பயனராகச் சேர்க்கப்படாத பணியாளர்களும் தங்கள் பெயரைத் தெரிவு செய்து, சொந்த இரகசிய எண்ணைக் கொடுத்து பில் போட முடியும். ஆகவே ‘ஆளுக்கொரு கணக்கு என்றால் காசு கூடும்’ என்று முடிவு செய்வதற்கு முன், உங்களுக்கு மென்பொருளை விற்றவரிடம் காசாளர்களுக்குத் தனி இரகசிய எண் வைக்க முடியுமா என்று கேளுங்கள். உண்மையாகவே கட்டணம் கூடினாலும், இரத்தான அந்தப் பில்களின் மொத்தத் தொகையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்த பின் தீர்மானியுங்கள்.

கேள்வி: தலவாக்கலைப் பகுதியில் உள்ள ஒரு தோட்ட அலுவலகத்தில் பணிபுரிகிறேன். தொழிலாளரின் அன்றாட வேலையையும் சம்பளத்தையும் எழுதும் செக்ரோல் புத்தகத்திலிருந்து மென்பொருளுக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே வெளிக்கள உத்தியோகத்தர்கள் கையடக்கத் தொலைபேசியில் கிலோவையும் ‘பெயரையும்’, அதாவது ஒரு நாள் வேலைக்கான வரவையும், பதியப் போகிறார்கள். யாராவது லீவில் போனால் சம்பள வேலை நின்றுவிடும் என்பதால், அலுவலகத்தில் உள்ள எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்க வேண்டும் என்று எங்கள் தலைமை எழுதுவினைஞர் கூறுகிறார். அவர் நீண்ட அனுபவம் உள்ளவர். அவர் சொல்வது சரிதானா?

பதில்: அவருடைய கவலை முற்றிலும் சரி. சம்பள நாள் பிந்தினால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அடுப்பு எரியாத வீடுகள் இருக்கும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இருக்க முடியாது. அவர் சொல்லும் பரிகாரம்தான் ஆபத்தானது. இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே தவறு நடந்தால் அதன் பாரம் அலுவலகத்தில் உள்ள எவர் மீதும் விழாமல், மலையில் நிற்கும் தொழிலாளி மீதே விழுகிறது.

சம்பள மென்பொருளுக்குள் மூன்று வகையான வேலைகள் இருக்கின்றன. தொழிலாளியைப் பதிந்து, அவருடைய அடையாள அட்டை எண், ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியின் எண், வங்கிக் கணக்கு, நாட்சம்பள வீதம் ஆகியவற்றை வைத்திருப்பது ஒன்று. இன்றைக்கு அவருக்கு முழுப் பெயர் விழுந்ததா, அரைப் பெயர் விழுந்ததா, எத்தனை கிலோ நிறுத்தார் என்பதை அன்றாடம் பதிவது இன்னொன்று. மாத முடிவில் கணக்கிட்டு, அங்கீகரித்து, வங்கிக்கு அனுப்புவது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒருவரே செய்ய முடிந்தால், இல்லாத ஓர் ஆளைப் பதிந்து, அவருக்குப் பெயர் போட்டு, சம்பளத்தையும் அனுப்பிவிட முடியும். மென்பொருள் அதைத் தடுக்காது, ஏனெனில் அதன் கண்ணில் எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கும். ஆகவே பதிபவர் வேறு, பெயர் போடுபவர் வேறு, அங்கீகரிப்பவர் வேறு என்று இருக்க வேண்டும். ஆட்கள் குறைந்த அலுவலகமென்றால், பெயர் போடுவதையும் கணக்கிடுவதையும் ஒருவரிடம் விட்டாலும் பரவாயில்லை. வங்கிக் கணக்கு எண்ணை மாற்றும் அனுமதியும் சம்பளத்தை அங்கீகரிக்கும் அனுமதியும் ஒரே கையில் சேரவே கூடாது.

அனுபவசாலியையும் நல்லவரையும் நம்பினால் போதாதா என்று கேட்பார்கள். 1762இல் தொடங்கப்பட்ட பேரிங்ஸ் என்ற ஆங்கிலேய வங்கி 1995இல் விழுந்தது. அதன் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்பவர் சந்தையில் வாங்கி விற்பதையும், அந்த வியாபாரங்களைக் கணக்கில் தீர்த்து வைக்கும் பிரிவையும் சேர்த்தே கவனித்தார். நட்டங்களை 88888 என்ற இலக்கமுடைய கணக்கில் ஒளித்து வைக்க அவருக்கு இடம் கிடைத்தது அதனால்தான். முடிவில் நட்டம் 827 மில்லியன் பவுண். அவரும் திறமைசாலி என்று பெயர் எடுத்தவராகவே இருந்தார். உங்கள் தலைமை எழுதுவினைஞரை இவரோடு ஒப்பிட்டுப் பேசுவதாகத் தயவுசெய்து எண்ண வேண்டாம். நேர்மையானவரின் மீதும் சந்தேகம் விழாதபடி காப்பது இந்தப் பிரிப்புத்தான் என்பதை அவரிடம் மரியாதையுடன் எடுத்துச் சொல்லுங்கள்.

தோட்டத்துக்கென்றே உரிய ஒரு காரணமும் உண்டு. சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 வீதம், தொழில் தருநரின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் தருநர் மேலும் 3 வீதம் கட்டுகிறார். இவை அனைத்தும் அந்த மாதத்து உழைப்பின் மேல் கணக்கிடப்படுவதால், விடுபட்ட ஒரு நாள் பெயர் அன்றைய கூலியை மட்டுமன்றி தொழில் தருநர் கட்ட வேண்டிய 15 வீதத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகிறது. அது தெரியவருவது எப்போது? பெண் தொழிலாளி 50 வயதிலும் ஆண் தொழிலாளி 55 வயதிலும் நிதியைக் கேட்டு விண்ணப்பிக்கும்போது. அதைவிட மோசமானது தொழிலாளியின் சொந்தப் பெயரில் வரும் பிழை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், நிதிப் பதிவில் வேறொரு பெயர் என்று இருப்பதனால், உழைத்துச் சேர்த்த பணத்துக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் முதியவர்கள் மலையகத்தில் எல்லாத் திசையிலும் இருக்கிறார்கள். ‘முத்தம்மா’வை ‘முத்தம்மாள்’ ஆக்குவதற்கு விசைப்பலகையில் ஒரு நொடி போதும். அதைத் திரும்பச் சரிசெய்ய அவருக்குச் சத்தியக் கடதாசி வேண்டும். ஆகவே தொழிலாளியின் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை எண், நிதி எண் ஆகிய நான்கையும் திருத்தும் அனுமதியை ஒருவருக்கு மட்டும் கொடுங்கள். அவர் திருத்தும் ஒவ்வொரு முறையும் ஆவணத்தின் படத்தை இணைக்க வேண்டும், இன்னொருவர் அதைப் பார்த்து ஒப்ப வேண்டும் என்று வையுங்கள்.

வெளிக்களத்துக்கு வருவோம். ஒரு டிவிஷனின் உத்தியோகத்தர் தமது டிவிஷனின் ஆட்களை மட்டுமே பார்க்க வேண்டும். ஈஆர்பி நெக்ஸ்ட் போன்ற மென்பொருளில், தொகுதி அனுமதிக்கு மேலாக, குறிப்பிட்ட கிளை அல்லது பிரிவின் பதிவுகளை மட்டும் இந்தப் பயனருக்குக் காட்டு என்று தனியாக வரையறுக்க முடியும்; உங்கள் மென்பொருளிலும் இத்தகைய ஏற்பாடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். மலையில் சிக்னல் இல்லாத இடங்களில் பதிவுகள் தொலைபேசியிலேயே தங்கி, பின்னர் அலுவலகத்துக்கு வந்து சேரும். ஆகவே பதிவு வந்து சேர்ந்த நேரத்தை மட்டுமன்றி, கொழுந்தை நிறுத்த நேரத்தையும் நிறுத்தவரின் பெயரையும் அது சுமந்து வர வேண்டும். ஒரே தொலைபேசியை இருவர் மாறி மாறிக் கொண்டுபோவார்களானால், கைமாறும்போது முதலாமவர் வெளியேறி இரண்டாமவர் தம் கணக்கில் நுழைய வேண்டும். சிக்னல் கிடைக்கும் இடத்திலேயே காலையில் அதை முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நிறுத்த கிலோவை அலுவலகத்தில் திருத்த வேண்டிவந்தால், பழைய எண் அழியக்கூடாது. பழைய எண், புதிய எண், திருத்தியவர், காரணம் ஆகிய நான்கும் நிற்க வேண்டும். ‘நான் 22 கிலோ போட்டேன், துண்டில் 18 என்று இருக்கிறதே’ என்று ஒரு தாய் வந்து கேட்கும்போது, அவருக்குக் காட்டுவதற்கு உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். ‘கணினியில் அப்படித்தான் இருக்கிறது’ என்பது பதில் ஆகாது. சம்பளம் அங்கீகரிக்கப்பட்டதும் அந்த மாதத்தைப் பூட்டிவிடுங்கள். திறக்கும் அனுமதி தோட்ட முகாமையாளரிடம் மட்டும் இருக்கட்டும்.

பார்ப்பதும் ஓர் அனுமதிதான் என்பதை அநேகர் மறந்துவிடுகிறார்கள். தொழிலாளர்களின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் யார் யாருக்குத் தெரிய வேண்டும்? எக்செல் கோப்பாக எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளும் பொத்தான் யாரிடம் இருக்கிறது? இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தகவல்களைப் பாதுகாக்கும் பொறுப்பை அவற்றை வைத்திருக்கும் நிறுவனத்தின் மீது சுமத்துகிறது. பெண் தொழிலாளியின் தொலைபேசி எண் யார் கைக்கும் போகாமல் இருப்பதற்குச் சட்டம் ஒன்று வேண்டியதே இல்லை. அது நம் கடமை.

இனி லீவுப் பிரச்சினை. ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு பதிலாளை முன்கூட்டியே எழுதி வையுங்கள். லீவு தொடங்கும் நாளில் அவருடைய சொந்தக் கணக்குக்கு அந்தத் தொகுதியைச் சேர்த்து, முடியும் நாளில் எடுத்துவிட வேண்டும். எஸ்ஏபி மென்பொருளில் தொகுதியை வழங்கும்போதே தொடங்கும் திகதியையும் முடியும் திகதியையும் இடலாம். மைக்ரோசொப்ட் பிசினஸ் சென்ட்ரலில் அங்கீகரிப்பவருக்குப் பதிலாளைக் குறிப்பதற்குத் தனி இடமே உண்டு. உங்கள் மென்பொருளில் இவை இல்லையென்றால், சுவரில் தொங்கும் கலண்டரில் திகதியை வட்டமிட்டு வைத்துக்கொண்டு கையால் செய்யலாம். பதிலாள் வேறொருவரின் கடவுச்சொல்லை வாங்கிப் பயன்படுத்தாதிருப்பதே முக்கியம். பதிலாள் யாரென்று பார்க்கும்போது, அவருடைய வழமையான பொறுப்பும் இந்தப் புதிய பொறுப்பும் சேர்ந்தால் மேலே சொன்ன விதி உடைகிறதா என்பதையும் பாருங்கள். அநேகமான அலுவலகங்களில் பிரிப்பு உடைவது சாதாரண நாளில் அல்ல, லீவு நாளிலேயே.

கேள்வி: பண்டாரவளையில் சிறு தேயிலைத் தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் தொழிற்சாலையொன்றின் பங்காளி நான். எங்கள் கணக்காளர் வெளிநாடு போகிறார். அவருடைய கணக்கை அழித்துவிடலாமா? மென்பொருளின் பிரதான நிர்வாகியும் அவரே. அவருடைய சொந்த ஜிமெயில் முகவரியிலேயே அது திறக்கப்பட்டிருக்கிறது.

பதில்: அழிக்க வேண்டாம், முடக்குங்கள். அவர் இத்தனை ஆண்டுகள் செய்த பதிவுகளில் அவருடைய பெயர் நிற்க வேண்டும். கணக்காய்வாளர் நாளை ஒரு வவுச்சரைக் காட்டிக் கேட்டால் பதிந்தவர் யாரென்று தெரிய வேண்டும். ஓடூவில் பயனரைக் காப்பகப்படுத்தலாம், ஈஆர்பி நெக்ஸ்டிலும் பிசினஸ் சென்ட்ரலிலும் பயனரைச் செயலற்றவராக்கலாம். எல்லாவற்றிலும் பழைய பதிவுகள் அப்படியே இருக்கும். முடக்கியதோடு நின்றுவிடாமல், அவருடைய தொலைபேசியிலும் மடிக்கணினியிலும் இன்னும் திறந்திருக்கும் நுழைவுகளை வெளியேற்ற வேண்டும். வேறு மென்பொருள்களோடு இணைப்பதற்காக அவர் பெயரில் வாங்கிய இரகசியக் குறியீடுகளான திறவுகோல்களையும், வங்கியின் இணையச் சேவையில் அவருக்கு இருக்கும் அனுமதியையும் இரத்துச் செய்ய வேண்டும்.

அவசரமானது நிர்வாகி விடயம்தான். அவர் விமானம் ஏறுவதற்கு முன், அவர் முன்னிலையிலேயே, நிர்வாகிப் பொறுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். குவிக்புக்ஸ் ஒன்லைன் போன்ற சேவைகளில் பிரதான நிர்வாகி தாமாகவே பொறுப்பை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பது சில நிமிட வேலை. அவர் கைக்கெட்டாதபோது அந்த மாற்றத்தைக் கேட்டு, நிறுவனத்துக்கு நீங்கள்தான் உரியவர் என்று ஆவணங்களோடு நிரூபிப்பது நீண்ட அலைச்சல். கொழுந்துக்காரர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டிய கிழமையில் அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். நிர்வாகிக் கணக்கைத் தொழிற்சாலையின் சொந்த மின்னஞ்சலில் வையுங்கள். இரண்டு நிர்வாகிகள் இருக்கட்டும். ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவர் திறக்க முடியும். அந்த இருவரும் அன்றாட வேலைக்கு நிர்வாகிக் கணக்கைப் பயன்படுத்தாமல், தங்களுக்கென்று சாதாரணக் கணக்கொன்றை வைத்திருக்க வேண்டும்.

போகிறவர் நல்லவர், அவர் மனம் நோகுமே என்று தயங்குகிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. அதிகாரமின்றிக் கணினியையோ அதிலுள்ள தகவலையோ அணுகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். அவர் கணக்கு திறந்தே கிடந்து, வேறு யாரோ அதைப் பயன்படுத்தி ஏதாவது செய்தால், விளக்கம் சொல்ல வேண்டிய நிலை தூரதேசத்தில் இருக்கும் அவருக்கே ஏற்படும். கடைசி நாளில் தேநீர் கொடுத்து வழியனுப்பும்போது, ‘உங்கள் கணக்கை இன்று மாலை ஐந்து மணிக்கு மூடுகிறோம்’ என்று சொல்லி, ஒரு கடிதமாகவும் கொடுங்கள். அவர் நிம்மதியாகப் போவார்.

கேள்வி: கம்பளையில் மருந்தகம் வைத்திருக்கிறோம். மென்பொருள் நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளர் கொழும்பிலிருந்து எந்நேரமும் எங்கள் கணினிக்குள் வந்து போகிறார். அது பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. அவருக்கென்று அவர் பெயரில் தனிக் கணக்கு திறந்து, அதை முடக்கியே வையுங்கள். பழுது என்று நீங்கள் அழைக்கும்போது திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள். தொலைவிலிருந்து இணையும் செயலியில் உங்கள் ஒப்புதல் இல்லாமலே உள்ளே வரும் வசதியை நீக்கிவிடுங்கள். அவர் தொலைபேசியில் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கேட்பவர் உண்மையில் அவர்தானா என்பதும் உங்களுக்குத் தெரியாது. நோயாளிகளின் மருந்து விவரம் உங்கள் கணினியில் இருக்கிறது.

கேள்வி: நுவரெலியாவில் சிறிய ஹோட்டல் நடத்துகிறோம். மென்பொருளுக்குள் நுழையும்போது குறுஞ்செய்தியில் இரகசிய எண் வரும்படி வைத்தோம். பனியும் மழையும் உள்ள நாட்களில் சிக்னல் இல்லாமல் அது வருவதே இல்லை. இறுதியில் எல்லாக் கணக்கையும் என் தொலைபேசி எண்ணுக்கே மாற்றி, பணியாளர்களுக்கு நான் எண்ணை வாசித்துக் காட்டுகிறேன். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. குறுஞ்செய்திக்குப் பதிலாக, தொலைபேசியிலேயே எண்ணை உருவாக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள். கூகுள், மைக்ரோசொப்ட் ஆகியவற்றின் செயலிகள் இலவசமானவை. தொடக்கத்தில் ஒருமுறை திரையிலுள்ள சதுரக் குறியீட்டைப் படம்பிடித்ததும், மென்பொருளும் தொலைபேசியும் ஒரே இரகசியத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அதன் பிறகு இரண்டும் அந்த இரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து, பெரும்பாலும் 30 வினாடிக்கு ஒருமுறை, ஒரே ஆறிலக்க எண்ணைத் தனித்தனியே கணக்கிடுகின்றன. இந்த முறை 2011இல் பொது நியமமாக வெளியிடப்பட்டது. சிக்னலும் வேண்டாம், இணையமும் வேண்டாம். தொலைபேசியின் கடிகாரம் சரியாக இருந்தால் போதும். நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பை இயக்கி வையுங்கள். தொலைபேசி தொலைந்தால் பயன்படுத்துவதற்கான மீட்பு எண்களை அச்சிட்டு, உறையில் ஒட்டி, இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள். ஒவ்வொருவரின் கணக்கும் அவரவர் தொலைபேசியோடு இணைய வேண்டும். எண்ணை வாசித்துக் காட்டும் வழக்கத்தை இன்றே விடுங்கள். எண்ணை வாசித்துக் கொடுக்கப் பழகிய பணியாளர், நாளை மோசடிக்காரர் ஒருவர் அழைத்தாலும் வாசித்துக் கொடுப்பார்.

கடவுச்சொல்லை மாதாமாதம் மாற்றவைக்கிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். காரணமின்றிக் காலக்கெடு வைத்து மாற்றவைக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தேசிய நியமங்கள், தொழில்நுட்ப நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி இலக்கத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வைக்கச் சொல்லுங்கள். கசிந்துவிட்டதென்ற சந்தேகம் வந்தால் உடனே மாற்றுங்கள்.

கேள்வி: மஸ்கெலியாவிலிருந்து வந்து ஒரு நிறுவனத்தில் தரவுப் பதிவாளராகச் சேர்ந்திருக்கிறேன். இது என் முதல் வேலை. நான் சாப்பிடப் போகும்போது, மூத்த உத்தியோகத்தர் ஒருவர் என் கணினியில் என் கணக்கைத் திறந்தே விடச் சொல்கிறார். திரும்பி வந்து பார்த்தால் நான் போடாத பதிவுகள் என் பெயரில் இருக்கின்றன. அவை தவறானவையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எதிர்த்துப் பேசப் பயமாக இருக்கிறது. வேலை போய்விட்டால் வீட்டில் வருமானம் இல்லை.

பதில்: சகோதரி, உங்கள் பயம் நியாயமானது, அதைப் பொருட்படுத்தாமல் துணிந்து பேசுங்கள் என்று இங்கே உட்கார்ந்து எழுதுவது எனக்கு எளிது, உங்களுக்கு உதவாது. ஆகவே சண்டையின்றிச் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். இன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றுங்கள். இருக்கையை விட்டு எழும்போதெல்லாம் விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், திரை பூட்டிக்கொள்ளும். ஏன் பூட்டினாய் என்று அவர் கேட்டால், ‘ஐந்து நிமிடத்தில் தானாகப் பூட்டுகிறது, சேர், உங்கள் கணக்கிலேயே இதைச் செய்ய முடியாதா, நான் கேட்டுத் தரட்டுமா?’ என்று பணிவாகச் சொல்லுங்கள். அது பொய்யாக இருக்காதபடி, தானாகப் பூட்டும் நேரத்தையும் ஐந்து நிமிடமாக அமைத்துவிடுங்கள். அவருக்கு உண்மையாகவே அந்த அனுமதி தேவைப்பட்டு, கேட்டுப் பெறத் தயங்குகிறார் என்பதும் சாத்தியம்.

நீங்கள் போடாத பதிவுகளின் இலக்கத்தையும் திகதியையும் நேரத்தையும், அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதையும் உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நிறுவனத்தின் தரவுகளைப் படமெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். பிறகு உங்கள் முகாமையாளருக்கு, எவர் மீதும் குற்றம் சுமத்தாமல், அலுவலக மின்னஞ்சலில் இப்படி எழுதலாம்: ‘மதிய இடைவேளையில் பதிவுகள் செய்ய வேண்டிய தேவை இருப்பதால், அந்த நேரத்தில் பொறுப்பாக இருப்பவருக்குத் தனி அனுமதி வழங்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் கணக்கில் கீழ்க்காணும் பதிவுகள் என்னால் செய்யப்படவில்லை. அவற்றை ஒருமுறை சரிபார்த்து உதவுமாறு வேண்டுகிறேன்.’ கீழே இலக்கங்களை வரிசையாக எழுதுங்கள். அனுப்பிய நாளையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் ஒரு கிழமை கழித்து அதே மின்னஞ்சலை, மனிதவளப் பிரிவுக்கும் பிரதியிட்டு, மறுபடி அனுப்புங்கள். நீங்கள் கேட்கும் முகாமையாளரே அந்த மூத்த உத்தியோகத்தராக இருந்தால், முதல் கடிதத்தையே தலைமை அலுவலகத்தின் கணினிப் பிரிவுக்கு எழுதுங்கள். கணக்கை உங்களுக்குத் திறந்து தந்தவர்கள் அவர்கள்தான், அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கும் கடமையும் அவர்களுடையதே.